இழுப்பும் இரத்தப் பரிசோதனையும்

(தோட்டங்களிலிருந்து வந்து கொழும்பில் தொழில் செய்யும் குடும்பங்களுக்காகக் கொம்பனித்தெருவில் நடந்த ஒன்றுகூடலில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போயா லீவு நாளில், ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் இவ்வளவு பேர் வந்திருப்பது எமக்குப் பெரிய சந்தோஷம். இங்கே பேசுவதை ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பதுளையிலும் இருக்கும் உங்கள் வீட்டாரும் இந்தச் சஞ்சிகையில் வாசிப்பார்கள். ஆகவே இரண்டு பக்கத்தாருக்கும் சேர்த்தே பேசுகிறோம்.

இன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் இழுப்பு வருத்தம். ஆஸ்துமா, முட்டு, தொய்வு, வீசிங் என்று ஆளுக்கொரு பேர் சொல்வோம். அதிலும் முக்கியமாக, இழுப்புக்காகச் செய்யும் இரத்தப் பரிசோதனை பற்றித்தான் பேசப் போகிறோம்.

ஏன் இதைப் பேச வேண்டும்? இப்பொழுதெல்லாம் எங்களிடம் வருகிறவர்களின் கையில் மருந்துத் துண்டை விட லெப் ரிப்போர்ட்தான் அதிகம். கொட்டாஞ்சேனைக்குப் போனாலும் வெள்ளவத்தைக்குப் போனாலும் பரிசோதனை நிலையங்களுக்குக் குறைவில்லை. இருமலும் இழுப்பும் உள்ள பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், டொக்டரிடம் காட்டுவதற்கு முன்பே இரத்தம் கொடுத்து விடுகிறார்கள். ஒவ்வாமைக்கென்று பத்துப் பதினைந்து பரிசோதனையைச் சேர்த்துச் செய்து, உழைத்த காசைக் கட்டிவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். பிறகு அந்தக் கடதாசியை நீட்டி, "ஐயா, இழுப்பு இருக்கா இல்லையான்னு பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள்.

அன்பானவர்களே, அந்தக் கேள்விக்கு அந்தக் கடதாசியில் பதில் இல்லை.

எங்களுக்குத் தெரிந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறோம். பேர் வேண்டாம். ஒருவர் மலையில் கொழுந்தெடுக்கும் அக்கா. நீண்ட நாள் இருமல். இரத்தத்தில் ஒரு எண் கூட இருந்ததென்று, இழுப்பு என்று சொல்லி விட்டார்கள். இரண்டு வருடம் இழுப்பு மாத்திரை குடித்தார். மாத்திரை குடித்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை நடுங்கும், கொழுந்து பறிக்க முடியாது. கடைசியில் ஒரு டொக்டர் ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்தார். மூச்சுக் குழாய் நன்றாக இருந்தது. மலத்தைப் பரிசோதித்தால் பூச்சி. பூச்சி மருந்து கொடுத்தபின் அந்த எண் இறங்கி விட்டது. இருமலுக்குக் காரணம் காம்பராவுக்குள் சுற்றிச் சுற்றி வரும் அடுப்புப் புகை.

மற்றவர் இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் தம்பி. சின்ன வயதிலிருந்தே இழுப்பு. அவருடைய இரத்த ரிப்போர்ட் சாதாரணம் என்று வந்தது. "உனக்கு இழுப்பு இல்லை" என்று கூட இருந்தவர்கள் சொல்ல, பம்பை விட்டு விட்டார். மூன்றாவது கிழமை நடுச்சாமத்தில், பேச முடியாத நிலையில், முச்சக்கர வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தெய்வாதீனமாகப் பிழைத்துக்கொண்டார்.

இரண்டு ரிப்போர்ட்டிலும் எண்கள் சரியானவைதான். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, வருத்தம் இருக்கு, இல்லை என்று முடிவு கட்டியதுதான் பிழை. அந்த எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டால் காசும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும்.

சிவப்புச் சாயம் பிடிக்கும் அணு

இரத்தத்தில் சிவப்பு அணு, வெள்ளை அணு என்று இருப்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வெள்ளை அணுக்கள் எமது உடம்பின் காவல்காரர். அவற்றில் ஐந்து வகை உண்டு. அதில் ஒரு வகைக்குப் பேர் ஈசினோபில். 1879ஆம் ஆண்டு ஜேர்மனியில் போல் ஏர்லிக் என்ற வைத்தியர், கண்ணாடித் துண்டில் இரத்தத்தைப் பூசி, சாயங்களைப் போட்டுப் பார்த்தார். ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தைச் சில அணுக்கள் மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டன. அதனால்தான் அந்தப் பேர் வந்தது. இன்றைக்கு மெஷின் எண்ணுகிறது. ஆனாலும் தேடுவது அதே அணுவைத்தான்.

ஈசினோபில் சும்மா இருப்பதில்லை. வயிற்றுப் பூச்சி போன்ற பெரிய எதிரி வந்தால் அதைத் தாக்குவது அதன் வேலை. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது மூச்சுக் குழாய்க்குள் போய்க் குழாயை வீங்க வைக்கிறது. சளியைச் சுரக்க வைக்கிறது. இழுப்புக்காரர்களில் ஒரு பெரும் பகுதியினருக்கு உள்ளே நடப்பது இதுதான்.

ரிப்போர்ட்டில் அதை எப்படிப் பார்ப்பது? கடுகு மணியளவு துளி, அதாவது ஒரு கன மில்லிமீற்றர் இரத்தத்தில், பெரியவர்களுக்கு 4000 முதல் 11000 வரை வெள்ளை அணுக்கள் இருக்கும். அதில் ஈசினோபில் பொதுவாக 500க்குள் இருக்கும். சில ரிப்போர்ட்டில் எண்ணிக்கையைப் போடாமல் சதவீதத்தை மட்டும் போட்டிருப்பார்கள். அப்பொழுது கணக்குப் பார்க்க வேண்டும். வெள்ளை அணு 8000, ஈசினோபில் 4 சதவீதம் என்றால் 320. இன்னொருவருக்கு வெள்ளை அணு 5000, ஈசினோபில் 6 சதவீதம் என்றால் 300. சதவீதத்தைப் பார்த்தால் இரண்டாமவருக்குக் கூட. எண்ணிக்கையைப் பார்த்தால் முதலாமவருக்குத்தான் கூட. சதவீதத்துக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டிருப்பதைக் கண்டு பயந்து போகிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரத்தத்தில் பார்க்கும் இன்னொரு பொருள் ஐ.ஜீ.ஈ. ஒவ்வாமையை உண்டாக்கும் புரதம். 1966இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜப்பானைச் சேர்ந்த இஷிசாக்கா தம்பதியர் இதைக் கண்டார்கள். அடுத்த வருடம் சுவீடனில் ஜோஹான்சன், பெனிச் என்ற இருவரும் தனியாக இதையே கண்டுபிடித்தார்கள். 1968இல் இதற்குப் பேர் வைக்கப்பட்டது. கரப்பான் உள்ளவர்களுக்கும், ஓயாமல் தும்முகிறவர்களுக்கும், பூச்சி உள்ளவர்களுக்கும் இது கூடும். இழுப்புக்கு மட்டும் உரிய அடையாளம் அல்ல.

எண் கூடினால் இழுப்புத்தானா?

இல்லை. எமது மக்களைப் பொறுத்தவரை முதலில் நினைக்க வேண்டியது பூச்சி. லயத்தில் மலசலகூட வசதியும் நல்ல தண்ணீரும் குறைவான இடங்களில் கொக்கிப் புழுவும் வட்டப் புழுவும் இலகுவாகப் பரவும். வட்டப் புழுவின் குஞ்சுகள் குடலிலிருந்து புறப்பட்டு, நுரையீரல் வழியாகப் பிரயாணம் செய்துதான் மறுபடி குடலுக்கு வரும். அந்த நாட்களில் இருமலும் இழுப்பும் வரும், ஈசினோபிலும் ஏறும். அதைப் பார்த்தால் இழுப்பு வருத்தம் மாதிரியே இருக்கும். சில கிழமையில் தானாக அடங்கிவிடும்.

இன்னொரு வருத்தமும் உண்டு. அதன் கதை எமது அயலிலேயே நடந்த கதை. அப்போதைய சென்னை மாகாணத்தில் மதனப்பள்ளியில் ஆரோக்கியவரம் என்ற காசநோய் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே டென்மார்க் நாட்டு வைத்தியர் பிரிமொட் மொல்லரும் பார்ட்டன் என்ற வைத்தியரும் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். சில நோயாளிகளின் நெஞ்சுப் படம் காசநோய் மாதிரி இருந்தது. காசநோய்க் கிருமியோ இல்லை. ஈசினோபில் மட்டும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. 1940இல் அதைப் பற்றி எழுதினார்கள். 1943இல் பம்பாயிலிருந்த வைத்தியர் வைன்கார்ட்டன், ராத்திரியில் இருமியும் இழுத்தும் அவதிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதி, இதற்கு வெப்பமண்டல ஈசினோபிலியா என்று பேர் வைத்தார். ஆர்செனிக் ஊசி போட்டு அவர்களைச் சுகப்படுத்தினார். காரணம் மட்டும் சரியாகத் தெரியவில்லை. மலாயாப் பக்கத்தில் டொக்டர் தனராஜ் போன்றவர்கள் 1950களில் இதை ஆராய்ந்தார்கள். 1960இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜோப், கோல்ட் என்ற மூவர், இப்படிப்பட்ட நோயாளிகளின் நுரையீரலிலும் ஈரலிலும் நெறிக்கட்டியிலும் யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இருப்பதைக் கண்ணால் கண்டு எழுதினார்கள்.

அப்படியென்றால் அது யானைக்கால் புழுவினால் வரும் இழுப்பு. கால் வீங்கியிருக்காது. ராத்திரியில் இருமலும் இழுப்பும் மட்டும் இருக்கும். ஈசினோபில் 3000க்கு மேலே போகும். இதற்கு இழுப்பு மருந்து காணாது. டைஎதில்காபமசீன் என்ற மாத்திரையைச் சுமார் மூன்று கிழமை கொடுத்தால் பெரும்பாலும் சுகமாகும். கவனிக்காமல் வருடக்கணக்கில் விட்டால் நுரையீரல் தழும்பு பிடித்துவிடும்.

கொழும்புக்காரர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. யானைக்கால் புழுவைப் பரப்புவது சாக்கடைத் தண்ணீரில் பெருகும் நுளம்பு. கொம்பனித்தெருவில் கானும் வாவியும் பக்கத்திலே இருக்க, நுளம்பைப் பற்றி நாங்கள் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நுவரெலியா, பதுளை போன்ற மலை மாவட்டங்கள் இந்த நோய் பரவிய பிரதேசத்தைச் சேர்ந்தவை அல்ல. கொழும்பு, கம்பஹா, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை, குருநாகல், புத்தளம் ஆகிய எட்டு மாவட்டங்கள்தான் அந்தப் பிரதேசம். 1947இல் இதற்கென்று யானைக்கால் நோய் ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. அந்தப் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் இரத்தத்தில் உலாவும். அதனால் உத்தியோகத்தர்கள் ராத்திரியில் வந்து விரலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். 2002 முதல் 2006 வரை அந்த எட்டு மாவட்டங்களிலும் வருடா வருடம் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். 2016இல் உலக சுகாதார நிறுவனம், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் இலங்கையில் யானைக்கால் நோய் ஒழிந்ததென்று சான்றிதழ் வழங்கியது. பெரிய சாதனை அது.

ஆகவே யானைக்கால் புழு இழுப்பு இன்று அபூர்வம். யாரும் பயப்படத் தேவையில்லை. ஆனால் எண் ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தால், "இது வெறும் இழுப்புத்தானா?" என்று டொக்டரிடம் கேட்க வேண்டும். ராத்திரி இரத்தத்தில் புழு இல்லை என்பதால் மட்டும் இதை ஒதுக்கிவிடவும் முடியாது. இந்த வருத்தத்தில் குஞ்சுகள் நுரையீரலில் அகப்பட்டுக்கொள்வதால் இரத்தத்தில் பெரும்பாலும் தென்படாது. அதற்கு வேறு பரிசோதனை உண்டு.

எண் சாதாரணம் என்றால் இழுப்பு இல்லையா?

அதுவும் இல்லை. இழுப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. ஈசினோபில் கூடாமலே இழுப்பு உள்ளவர்கள் நிறையப் பேர். சிகரெட், பீடிப் புகையோடும் வேறு புகை தூசியோடும் இருக்கிறவர்களில் அப்படி இருக்கலாம். பிரெட்னிசொலோன் மாத்திரை குடித்திருந்தால் சில மணித்தியாலத்திலேயே ஈசினோபில் விழுந்துவிடும். காலையில் எடுத்த இரத்தத்துக்கும் ராத்திரி எடுத்த இரத்தத்துக்கும்கூட வித்தியாசம் உண்டு. சாப்பாட்டுக் கடைத் தம்பிக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்புதான் அவர் முட்டுக்கு அந்த மாத்திரை குடித்திருந்தார்.

தொழிலாலும் இழுப்பு வரும். எமது தொழிலையே எடுத்துக்கொள்வோம். எமது நாட்டு மார்பு நோய் நிபுணர் டொக்டர் சி. ஜி. ஊரகொட 1970இல் "டீமேக்கரின் ஆஸ்துமா" என்ற தலைப்பிலேயே ஒரு மருத்துவக் கட்டுரை எழுதினார். தேயிலை ஸ்டோரில் பறக்கும் பஞ்சு போன்ற தூசியைச் சுவாசிப்பதால் வரும் இழுப்பு அது. பிறகு 1980இல் தேயிலைத் தொழிலாளரின் சுவாச வருத்தங்களைப் பற்றியும் எழுதினார். மலையில் சலிப்பிலும் தரம் பிரிப்பிலும் நிற்பவர்களுக்கும், கொழும்பில் தேயிலை கலக்கிப் பொதி செய்யும் ஸ்டோர்களில் நிற்பவர்களுக்கும் இது பொருந்தும். இதைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது ஒரு கேள்விதான்: வேலை நாளில் கூடி, லீவு நாளில் குறைகிறதா? இந்தக் கேள்வியை எந்த இரத்தப் பரிசோதனையும் கேட்காது. நீங்கள்தான் கவனித்து டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

அப்படியானால் எதற்கு இந்தப் பரிசோதனை?

பிரயோசனம் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. இழுப்பு இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கு, அது எந்த வகை, எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க இது உதவும். ஈசினோபில் கூட உள்ள இழுப்புக்காரருக்குத் திடீர் முட்டு வரும் ஆபத்து அதிகம். அவருக்கே வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீரொயிட் பம்ப் நன்றாக வேலை செய்யும். எவ்வளவு பம்ப் அடித்தும் அடங்காத கடும் இழுப்புக்கு இப்பொழுது புதுவகை ஊசிகள் இருக்கின்றன. ஐ.ஜீ.ஈ.யைக் கட்டுப்படுத்தும் ஒமாலிசுமாப் 2003இலும், ஈசினோபிலைக் குறைக்கும் மெபோலிசுமாப் 2015இலும் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டன. யாருக்கு அந்த ஊசி பொருந்தும் என்று தீர்மானிக்க 150, 300 போன்ற ஈசினோபில் எண்களைப் பார்க்கிறார்கள். விலை மிக அதிகம். சாதாரண இழுப்புக்கு அவை தேவையும் இல்லை.

பெரியொஸ்டின் என்ற புரதம், மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற நுண்பொருட்கள், இரத்தத்தில் மரபணுக்கள் வேலை செய்யும் விதம் என்று உலகத்தில் பல ஆராய்ச்சிகள் நடக்கின்றன. ஒரு நாளைக்கு நல்ல பலன் வரலாம். இன்று வரை, இழுப்பு உண்டா இல்லையா என்று தனியாக முடிவு சொல்லும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. அப்படி இருக்கிறதென்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

முடிவு சொல்வது மூச்சுத்தான். உங்கள் கதையை டொக்டர் கேட்பார். நெஞ்சை வைத்துப் பார்ப்பார். பிறகு ஊதச் சொல்வார். ஸ்பைரோமெற்றி என்ற கருவியில் ஊதி, சல்பியூட்டமோல் பம்ப் அடித்து, சுமார் கால் மணித்தியாலம் கழித்து மறுபடி ஊத வேண்டும். பெரியவர்களுக்கு மூச்சின் அளவு 12 சதவீதமும் 200 மில்லிலீற்றரும் கூடினால், குழாய் சுருங்கி விரிகிறது என்று அர்த்தம். பீக் புளோ மீற்றர் என்ற சின்னக் குழாயில் காலையும் மாலையும் ஊதி, இரண்டு கிழமை எழுதி வைத்தும் பார்க்கலாம்.

பம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பம்ப் அடிச்சா பழகிப் போயிடும்" என்று சொல்வது தவறான பேச்சு. மாத்திரை உடம்பு முழுக்கப் போகிறது. பம்ப் நேரே குழாய்க்குப் போகிறது. குறைந்த மருந்து, கூடிய பலன். ஆனால் சல்பியூட்டமோலை மட்டும் வைத்துக் காலம் தள்ளுவது ஆபத்து. உலக அளவில் இழுப்புக்கு வழிகாட்டும் ஜீனா அமைப்பு 2019இலேயே, பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் அதை மட்டும் கொடுப்பது போதாது, வீக்கத்தைக் குறைக்கும் மருந்தும் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டது.

ஆகவே நாங்கள் உங்களிடம் கேட்டுக்கொள்வது இவைதான்:

1. டொக்டர் எழுதித் தராமல் இழுப்புக்கென்று இரத்தம் கொடுக்க வேண்டாம். முதலில் அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ மார்பு நோய்க் கிளினிக்குக்கோ போங்கள். கொழும்பில் இருப்பவர்களுக்குத் தேசிய ஆஸ்பத்திரி கிட்டத்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பொரளை சீமாட்டி ரிஜ்வே ஆஸ்பத்திரி. தோட்டத்தில் இருப்பவர்கள் தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடம் துண்டு வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

2. இரத்தம் கொடுக்கும்போது, கடந்த நாட்களில் என்ன மாத்திரை குடித்தீர்கள் என்று சொல்லுங்கள். கடைசியாக எப்பொழுது பூச்சி மருந்து குடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

3. பழைய ரிப்போர்ட்டை எறிய வேண்டாம். ஒரு எண்ணை விட, மூன்று நான்கு தடவை எடுத்த எண்கள் டொக்டருக்கு அதிகம் உதவும்.

4. ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டதென்று பம்பை நிறுத்த வேண்டாம். நிறுத்துவதும் குறைப்பதும் டொக்டரின் வேலை.

5. ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், பம்ப் அடித்தும் குறையாவிட்டால், விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இங்கே தனியாக இருந்து வேலை செய்யும் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று சொல்கிறோம். உங்களுக்கு இழுப்பு இருப்பதைக் கூட இருப்பவர்களிடம் மறைக்காதீர்கள். வேலை போய்விடும் என்ற பயம் எங்களுக்கு விளங்குகிறது. ஆனால் ராத்திரியில் உங்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவர்கள் அவர்கள்தான். பம்ப் எங்கே இருக்கிறதென்று ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

ரிப்போர்ட்டைப் பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்தபின் எங்களைச் சந்திக்கலாம். நாங்கள் டொக்டர் அல்ல. மருந்து சொல்ல மாட்டோம். எந்தக் கிளினிக், எந்த நாள், எந்தத் துண்டு என்று வழி சொல்லுவோம். தேவையானவர்களுக்குக் கூடவும் வருவோம்.